அருவிப் படத்துக்குப் பின்னால் என் மகள்

எங்கள் குடும்பத்தில் யாரும் எந்த அலுவலக வாசலிலும் இரண்டாவது முறை போய் நின்றதில்லை. என் அப்பா எங்கே போனாலும் முதல் தடவையிலேயே காரியத்தை முடித்துக்கொண்டு திரும்புவார். முடியாவிட்டால் அந்தக் காரியமே வேண்டாம் என்று விட்டுவிடுவார். அப்படி விட்டுவிட்டதில் நாங்கள் இழந்தது ஏராளம். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஆனால் இது விட்டுவிடக்கூடிய காரியம் இல்லை. என் மகளின் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதைப் பதிவு செய்யும் தேதிக்கு ஆறு வாரம் இருந்தது. சம்பந்தியாகப் போகிறவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் நான்கு மூலையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படிக்கவே தொடங்குவார். “பேப்பர் சரியா இருந்துட்டா அப்புறம் சண்டையே வராதுங்க. பொண்ணோட பிறப்புச் சான்றிதழ் ஒரு காப்பி குடுத்துடுங்க” என்றார். அலமாரியில் இருந்த பழைய சான்றிதழை எடுத்து, இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக அதைப் படித்தேன்.

தந்தை பெயர் என்ற இடத்தில் என் அண்ணனின் பெயர் இருந்தது.

அவள் பிறந்தபோது நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். அண்ணன்தான் போய்ப் பதிவு செய்தார். “பேரு?” என்று கேட்டிருப்பார்கள். தன் பெயரைச் சொல்லியிருப்பார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவர் அவர். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. இனி அவரைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

“இத்தனை வருஷமா யாரும் பாக்கல. இப்ப மட்டும் யார் பாக்கப் போறாங்க?” என்றாள் மனைவி.

“சம்பந்தி பார்ப்பார்” என்றேன்.

மறுநாள் காலையில் துவைத்து மடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். நீளமான கூடம், அதில் மூன்று கவுண்டர். ஒன்றாம் கவுண்டரில் விண்ணப்பத் தாள் வைத்திருந்தார்கள், ஆள் இல்லை. இரண்டாவது திருத்தங்களுக்கு. அங்கே நீலச்சட்டை போட்ட ஒரு குமாஸ்தா. மூன்றாவது சான்றிதழ் வழங்க. அங்கே கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். இருவருக்கும் நடுவில், சுழலும் பலகை ஒன்றின் மேல், ஒரே ஒரு கம்ப்யூட்டர். வேலை இருப்பவர் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். மற்றவர் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நீலச்சட்டை சுறுசுறுப்பான மனிதர். என் விண்ணப்பத்தைப் படித்தார். மகளின் பதிவைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் அண்ணனின் பெயரை எழுத்து எழுத்தாக அழித்தார்.

“ஆச்சு. இப்ப உங்க பேரைச் சொல்லுங்க ஐயா.”

நான் வாயைத் திறந்தேன். அவருடைய போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். எழுந்தார். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். என் மகளின் பதிவு மறைந்து ஓர் அருவிப் படம் வந்தது. அதன் மேல் மணி பதினொன்று இருபது என்று காட்டியது.

“எழுந்தா பூட்டணும். ரூல்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பன்னிரண்டு மணி வரை அருவியைப் பார்த்தேன். பிறகு கண்ணாடி அம்மாளிடம் கேட்டேன்.

“அவரா? பயிற்சிக்குப் போயிட்டாரே. உடனே கிளம்பி வரணும்னு உத்தரவு. மூணு வாரம்.”

“என்ன பயிற்சி?”

“எழுந்து போறப்ப ஸ்கிரீனை எப்படிப் பூட்டறதுன்னு.”

“அதைத்தான் நன்றாகப் பூட்டினாரே.”

“அதனாலதான் ஐயா அவரை அனுப்பியிருக்காங்க. பூட்டத் தெரியாதவங்களை அனுப்பினா ஆபீசுக்குக் கெட்ட பேரு.”

நல்ல அம்மாள். பலகையைத் தன் பக்கம் திருப்பினார். “ஒரே கம்ப்யூட்டர்தான் ஐயா. ஆனா உள்ள நாலு பேருக்கு நாலு லாகின். ஒரு வீட்ல நாலு குடித்தனம் இருக்கிற மாதிரி. ஒருத்தர் கதவைப் பூட்டிட்டு அடுத்தவர் கதவைத் திறந்துக்கணும். யார் வேலையும் யாருக்கும் தெரியாது. அவ்வளவு பாதுகாப்பு.”

ஏதோ பொத்தான்களை அழுத்தினார். அருவி போனது. இன்னொரு அருவி வந்தது. அதில் பாஸ்வேர்டை அடித்தார். ‘தவறு’ என்றது. மறுபடி அடித்தார். ‘தவறு.’

“என் கதவுன்னு காட்டும். ஆனா நான் அடிக்கறது அவரு கதவுக்குப் போகும்” என்று விளக்கினார். “இப்ப மூணாவது தடவை தப்பா போச்சுன்னா அவரு கதவு அரை மணி நேரம் இறுகிடும். அது இறுகினா எனக்கும் திறக்காது. இருங்க.” கண்ணை மூடிக்கொண்டு, எதையோ முணுமுணுத்து, ஒரு பொத்தானை அழுத்தி ஏழு வரை எண்ணிவிட்டு, விரலை எடுக்காமலே மறு கையால் அடித்தார். திறந்தது. இது எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தராதது, அனுபவத்தில் வந்தது என்றார்.

மகளின் பதிவைத் தேடினார். கிடைத்தது. அதன் மேல் சிவப்பில் ஒரு வரி: ‘வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது.’

“அவரு பாதியில விட்டுட்டுப் பூட்டியிருக்காரு. அவரு கதவு திறக்கற வரைக்கும் நான் பாக்கலாம், தொட முடியாது.”

பார்த்ததற்குச் சாட்சியாக ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னேன். தந்தார். குழந்தையின் பெயர், பிறந்த நாள், தாயின் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. தந்தை பெயர் என்ற இடத்தில் ஒரு சிறிய கோடு.

அதை உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் தெரிந்தவர் யாரோ கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை.

மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். “அப்படியே விட்டிருந்தா குடும்பத்துக்குள்ளயாவது இருந்திருக்கும்” என்றாள்.

மகள் சிரித்தாள். “அப்பா, இனிமே யாராவது உங்கப்பா யாருன்னு கேட்டா, ‘வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது’ன்னு சொல்லிடவா?”

நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஏழு தலைமுறைக்குத் தகப்பன் பெயர் தெரியும். எட்டாவதில் ஒரு கோடு.

நீலச்சட்டையிடம் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்டுவிட்டால் போதும் என்று தோன்றியது. கண்ணாடி அம்மாள் அலுவலகத்துப் போனிலேயே பயிற்சி நிலையத்தைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார்.

“பாஸ்வேர்டை மட்டும் சொல்லிவிட்டால் போதும்” என்றேன்.

அந்தப் பக்கத்தில் அவர் சிரித்தார். “யாரு பேசறது?”

“நான் அந்தப் பெண்ணின் அப்பா.”

“நேத்து ஒருத்தரும் அப்படித்தான் சொன்னாரு. அவருக்கு உங்களை விட நல்லா அழ வந்தது. சார், இதெல்லாம் எங்களுக்கு வைக்கிற டெஸ்ட்டுன்னு முதல் நாளே தெரிஞ்சு போச்சு. பாஸ்வேர்டு கேட்டுப் பேசறவன் அப்பாவா இருந்தாலும் சொல்லக்கூடாது, அது மூணாவது பாடம். குறிச்சுக்கங்க, நான் சொல்லல.”

மூன்று வாரம் கழித்து, அவர் முதல் இடத்தில் தேறிவிட்டதால் அங்கேயே பயிற்றுநராக வைத்துக்கொண்டார்கள் என்று தெரியவந்தது. தேதிக்கு மூன்று வாரம்தான் மிச்சம்.

பதிவாளரைப் பார்க்கப் போனேன். அவர் அறைச் சுவரில் ஒரு கேடயம் மாட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு வயதானவரின் படம், கீழே ‘இந்தக் காலாண்டின் சிறந்த ஊழியர்.’

“உட்காருங்க ஐயா. உங்க கஷ்டம் புரியுது” என்று ஆரம்பித்தார். “ஆனா ஒண்ணை நீங்க கவனிக்கணும். பூட்டாத திரை, கதவில்லாத வீடு. இந்தக் கேடயம் எதுக்குத் தெரியுமா? போன வருஷம் முழுக்க இந்த அலுவலகத்திலேருந்து ஒரு தகவல்கூட வெளியே போகல. ஒண்ணுகூட! தலைமை அலுவலகத்துலேருந்து வந்து சோதிச்சாங்க. அவங்களாலயே எதையும் பாக்க முடியல. அசந்து போயிட்டாங்க.”

“சரிங்க. அந்தக் கம்ப்யூட்டரை ஒரு தடவை நிறுத்திவிட்டுப் போட்டால் என்ன?”

பதிவாளரின் முகம், வீட்டுப் பெரியவரைத் தூக்கி வெளியே போடுங்கள் என்று நான் சொன்ன மாதிரி ஆனது.

“உள்ள நாலு பேர் வேலை திறந்தபடி இருக்கு ஐயா. நிறுத்தணும்னாலும், ஒரு கதவை வெளியிலேருந்து மூடணும்னாலும், நாலு பேரும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும். அதுக்கப்புறம் மெக்கானிக் வரணும்.”

“நாலு பேர் யார் யார்?”

“பயிற்சிக்குப் போனவரு. கண்ணாடி அம்மா. அப்புறம் இவரு.” சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். “எட்டு மாசம் முன்னாடி ரிடையர் ஆனவரு. அவரு லாகின் இன்னும் உள்ளதான் இருக்கு.”

ரிடையர் ஆனவருக்கு இந்தக் காலாண்டின் பரிசு எப்படி என்று கேட்டேன்.

“அவரு பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில எழுதி ஒட்டியிருக்கும். மத்த கதவெல்லாம் மக்கர் பண்றப்ப எல்லாரும் அவரு கதவு வழியாதான் போய் வேலை பாப்பாங்க. எல்லாம் அவரு கணக்குல ஏறும். முப்பது வருஷம் இங்க உட்கார்ந்திருந்தப்ப இத்தனை வேலை செஞ்சதே இல்ல. கணக்குப்படி குடுத்துத்தானே ஆகணும்?”

“நாலாவது?”

அவர் மேஜையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். “நாலாவது நான். திறப்பு விழா அன்னிக்கு முதல் ஆளா நான்தான் உள்ள போனேன். போட்டோகூட இருக்கு. அன்னிக்குப் பூட்டினது.”

“பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?”

“மறக்கறதா! ரகசியமா வெச்சிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. எனக்கேகூட.”

அம்மாள் உடனே கையெழுத்துப் போட்டார். நீலச்சட்டையிடமிருந்து கடிதம் நான்காம் நாள் வந்தது. அந்தக் கடிதத்தை எதிர்காலப் பயிற்சிகளில் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்று ஒரு வேண்டுகோளும் சேர்த்திருந்தார். பதிவாளர் தனக்குத் தானே விண்ணப்பித்து, தேதி போடாததால் தன் விண்ணப்பத்தைத் தானே ஒரு முறை திருப்பி அனுப்பி, மறுநாள் ஏற்றுக்கொண்டார். மிச்சம் சிறந்த ஊழியர்.

அவர் வீடு இரண்டாவது மாடியில். போனபோது கூடத்தில் தரையில் உட்கார்ந்து மேஜை விசிறியின் இறக்கைகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பதிவு அலுவலகத்திலிருந்து அனுப்பினார்கள் என்று சொன்னதும் அவசரமாக எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

“என்னை அங்க பேசிக்கறாங்களா?”

“இந்தக் காலாண்டுக்கு நீங்கள்தான் சிறந்த ஊழியர். படம் மாட்டியிருக்கிறார்கள்.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “ஒரு விசிறி துடைக்க நாலு நாளா உட்கார்ந்திருக்காரு. அங்க போகாமலே பரிசு வாங்கறாரு!”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. “எத்தனை பதிவு போட்டிருக்கேன்?” என்று கேட்டார். ஆயிரத்து நானூறு என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன். “ஆயிரத்து நானூறா!” என்று தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

காகிதத்தை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டா என் லாகினை மூடிடுவாங்க.”

“ஆமாம்.”

“அப்ப நான் நிஜமாவே ரிடையர் ஆயிடுவேன்.”

நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன். கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், கொடுக்காவிட்டால் எழுந்துவிடுவேன். அன்றைக்கு எழுந்திருக்க முடியவில்லை. “என் மகளுக்கு அப்பா பேர் வேணும், தயவுசெய்து” என்றேன். அந்தக் கடைசி வார்த்தையை அறுபத்து நாலு வயதில் முதன்முதலாகச் சொன்னதாக ஞாபகம். சரியாக உச்சரித்தேனா என்றுகூடத் தெரியவில்லை.

“அதுக்கென்ன, நாளைக்கு வாங்க” என்றார். சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டுப் போனார். “மன்னிக்கணும், வாயில அதுவா வந்துடுது” என்று பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மறுபடி விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆனால் துடைக்கவில்லை.

மெக்கானிக் வந்த நாளில் பதிவுத் தேதிக்குப் பதினேழு நாள் இருந்தது. ஒல்லியான ஆள், தோளில் பெரிய பை. நீலச்சட்டையின் குடித்தனத்தை வெளியிலிருந்து மூடுவதற்கு நாற்பது நிமிடம் ஆகும் என்றார். அதில் ஒரு சிக்கல்.

“மூணு நிமிஷம் மவுஸ் அசையலைன்னா நாலு கதவும் சேர்ந்து பூட்டிக்கும். தலைமை அலுவலகம் அப்படி வெச்சிருக்கு, என்னால மாத்த முடியாது. பூட்டிக்கிச்சுன்னா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எனக்கு ரெண்டு கையும் பின்னாடி வேலையா இருக்கும். யாராவது உட்கார்ந்து மவுஸை அசைச்சுக்கிட்டே இருக்கணும்.”

கண்ணாடி அம்மாளைப் பார்த்தேன். மவுஸ் அசைப்பது அவருடைய பணிப் பட்டியலில் இல்லை. வேலை செய்யும்போது அசைந்தால் அது வேலையின் பகுதி. வெறுமனே அசைப்பது தனிப் பணி, அதற்குத் தனி ஆள் நியமிக்க வேண்டும். பதிவாளர் விதிகளைப் புரட்டிவிட்டு, பொதுமக்கள் அசைப்பதற்குத் தடை எதுவும் இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

இரண்டாம் கவுண்டரில், நீலச்சட்டையின் நாற்காலியில் உட்கார்ந்தேன். மவுஸைப் பிடித்து இடம் வலமாக நகர்த்தினேன். திரையில் ஒரு சின்ன அம்பு இடம் வலமாகப் போனது. பத்து நிமிடத்தில் எனக்கு முன்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

“சார், இறப்புச் சான்றிதழ் எங்க குடுக்கணும்?”

கையை எடுக்க முடியாது. தலையை மட்டும் ஆட்டினேன். அந்த மனிதர் முறையான பதில் கிடைத்த திருப்தியோடு விலகிப் போனார். அடுத்தவருக்கும் அதே. வரிசை நன்றாகவே நகர்ந்தது. இவ்வளவு வேகமாக வேலை நடந்து பார்த்ததில்லை என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டேன். எங்கள் தெருவில் மருந்துக் கடை வைத்திருப்பவர். குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்கிறவன் போல மேஜைக்கு அடியில் போனேன். அவர் போகும் வரை அங்கேயே இருந்தேன். நிமிர்ந்தபோது அருவி.

“என்ன சார் நீங்க” என்றார் மெக்கானிக். “நல்லாதானே அசைச்சுக்கிட்டிருந்தீங்க.”

இரண்டாவது முறை நாற்பது நிமிடம் அசைத்தேன். மருந்துக் கடைக்காரர் திரும்பி வந்தார். “அடடே, இங்கதான் வேலைல சேர்ந்திருக்கீங்களா? சொல்லவே இல்லையே” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

நீலச்சட்டையின் குடித்தனம் மூடப்பட்டது. கண்ணாடி அம்மாள் ஏழு வரை எண்ணித் தன் கதவைத் திறந்தார். பதிவாளர் எழுந்து வந்து பின்னால் நின்றார். மகளின் பதிவு வந்தது. சிவப்பு வரி போய்விட்டிருந்தது. அதன் இடத்தில் பச்சையில் ஒரு வரி: ‘திருத்தம் நிறைவேற்றப்பட்டது.’ தந்தை பெயர்: கோடு.

“வாழ்த்துகள் ஐயா” என்றார் பதிவாளர்.

“என் பெயர் இல்லையே.”

“மூடறப்ப அது எந்த நிலையில இருந்ததோ அந்த நிலையிலயே பதிஞ்சுக்கும். நீங்க என்னன்னு எழுதிக் குடுத்தீங்க?” விண்ணப்பத்தை வரவழைத்துப் படித்தார். “‘தந்தை பெயரில் நேர்ந்த தவறை நீக்கித் தருமாறு.’ நீக்கியாச்சு. இப்ப இந்தப் பதிவுல ஒரு தவறும் இல்ல.”

“இன்னொரு திருத்தம் எழுதித் தருகிறேன்.”

“ஒரு பதிவுக்கு ஒரு திருத்தம்தான் ஐயா. அடிக்கடி மாத்தினா மக்கள் நம்பிக்கை இழந்துடுவாங்க.”

நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். கை எதையும் பிடிக்காமலே இடம் வலமாக அசைந்துகொண்டிருந்ததை அம்மாள்தான் கவனித்து, தண்ணீர் கொடுத்தார். பதிவாளருக்கும் மனசு கேட்கவில்லை.

“திருத்தறதுக்குத்தான் வழியில்ல. ஆனா காலியா இருக்கிற இடத்தை நிரப்ப வழி இருக்கு. தந்தை இல்லாதவங்களை யாராவது ஏத்துக்க முன்வந்தா சட்டம் வரவேற்குது. நீங்க மனசு வெச்சா, அந்தப் பொண்ணை நீங்களே தத்து எடுத்துக்கலாம்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை. உண்மையாகவே எனக்கு உதவி செய்துகொண்டிருந்தார். அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

தத்து எடுக்க விண்ணப்பித்தேன். அந்த அறிவிப்பை அலுவலகப் பலகையில் பதினான்கு நாள் ஒட்ட வேண்டும் என்பது விதி. ‘மேற்படி பெண்ணுக்குத் தந்தை எவரேனும் இருப்பின், உரிய சான்றுகளுடன் இத்தேதிக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம்.’ முதல் நாளே நான் ஆட்சேபணை தெரிவிக்கலாமா என்று கேட்டேன். விண்ணப்பதாரரே ஆட்சேபிக்க முடியாதாம். வேறு யாராவது வந்தால்தான் பரிசீலிப்பார்களாம்.

தினமும் காலையில் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே வருகிறவர்கள் அந்த அறிவிப்பை நின்று படித்தார்கள். சிலர் உச்சுக் கொட்டினார்கள்.

“யாராவது வந்தாங்களா?” என்று மனைவி தினமும் கேட்பாள், காய் நறுக்கிக்கொண்டே.

“இல்லை.”

“நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். யாரும் ஞாபகத்துக்கு வரல.”

முப்பது வருடமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறேன். இந்த மாதிரி பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. பதினான்காம் நாள் மாலை வரை யாரும் வரவில்லை. அப்போது எனக்கு வந்த நிம்மதியை அவளிடம் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பதினெட்டு வயது தாண்டியவர்களை நேரில் விசாரித்த பிறகுதான் தத்து கொடுப்பார்கள். கண்ணாடி அம்மாள் கேள்வித்தாளை எடுத்தார். இத்தனை நாளில் என்னோடு பழகிவிட்டவர். ஆனால் கேள்வித்தாள் கையில் வந்ததும் அவர் குரல் மாறிவிட்டது.

“இவரைத் தந்தையா ஏத்துக்க உங்களுக்குச் சம்மதமா?”

“சம்மதம்.”

“இவரு உங்களை எதுக்காகவாவது வற்புறுத்தினாரா?”

“சின்ன வயசுலேருந்து எல்லாத்துக்கும் வற்புறுத்திட்டுதான் இருக்காரு.”

“அப்படி எழுத முடியாதும்மா. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு.”

“இல்ல.”

“இவரோட குணம், பழக்கவழக்கம் எல்லாம் உங்களுக்கு நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

“தெரிஞ்சும் சம்மதமா?”

மகள் என் பக்கம் திரும்பினாள். நான் சுவரில் இருந்த சிறந்த ஊழியரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் ஆகிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம் ஆகிவிடுமோ என்று பயந்து அம்மாள் மவுஸை லேசாக அசைத்தார். அது அவருடைய பணியில் இல்லாதது.

“தெரிஞ்சும் சம்மதம்” என்றாள் மகள்.

என் பெயரைக் கேட்டார்கள். முழுசாகச் சொன்னேன். யாருக்கும் போன் வரவில்லை. அடித்தார்கள், பதிந்தது, காகிதம் வெளியே வந்தது. தந்தை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘தத்து’ என்று போட்டு, அதன் கீழே என் பெயரும், நான் அவளுக்குத் தகப்பனான தேதியாக அன்றைய தேதியும் இருந்தன.

அதற்கு அடுத்த நாள் பதிவுத் தேதி. அதனால் காகிதம் கிடைத்த அன்று சாயங்காலமே சம்பந்தி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியிருந்தது.

உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டேன். அண்ணனில் ஆரம்பித்து, அருவிக்கு வந்து, நாலு குடித்தனத்தை விளக்கி, பலகையில் முடிக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னாலும் முக்கால் மணி நேரம் ஆகும் போலிருந்தது.

சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான்கு மூலையையும் தொட்டுப் பார்த்தார். மேலிருந்து கீழே படித்தார். அடைப்புக்குறியிடம் வந்து நின்றார். தேதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“அது வந்து, கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது” என்று ஆரம்பித்தேன். “ஒருவர் எழுந்து போகும்போது...”

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ஒண்ணும் சொல்லாதீங்க. வேண்டாம்” என்றார். “எனக்குப் புரியுது. இங்க வா” என்று உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். “இங்க வந்து பாரு. யாரோ பெத்த பிள்ளை. இருபத்தாறு வருஷம், ஒரு சொல் வெளியில விடாம, தன் பிள்ளையாவே வளர்த்திருக்காரு. கல்யாணத்துக்கு முன்னாடி பேப்பரும் சரியா இருக்கணும்னு மூச்சுவிடாம அலைஞ்சிருக்காரு.”

“இல்லைங்க, அவள் என்...”

“உங்க மகதான். யாரு இல்லைன்னா? இனிமே எங்க வீட்ல யாராவது வேற மாதிரி ஒரு வார்த்தை பேசினா நான் சும்மா விடமாட்டேன்.”

சம்பந்தியம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு முதல்லயே தோணிச்சு” என்றார். “அந்த மூக்கு, அந்த நடை, எல்லாம் அப்படியே உங்களை மாதிரி. வளர்ப்புன்னா அப்படித்தான். பாத்துப் பாத்து முகமே வந்துடும்.”

வீட்டிலேயே நல்ல நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். உள்ளேயிருந்து இன்னும் மூன்று பேர் வந்து என்னை மரியாதையோடு பார்த்தபடி நின்றார்கள். அந்த வீட்டில் இதுவரை எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. நான் உட்கார்ந்து, என் அப்பாவின் பெயரையும் என் அண்ணனின் பெயரையும் ஒரு முறை மனதில் நினைத்துக்கொண்டேன்.

“உங்க மனசு யாருக்குங்க வரும்” என்றார் சம்பந்தி மறுபடியும்.

“ஏதோ, என்னால முடிஞ்சதுங்க” என்றேன்.